பூண்டுக்கு விதை கிடையாது

அன்புள்ள ஐயா,

கவிதையும் வெள்ளாமைதான் என்று ஓர் உரையில் சொன்னீர்கள். நான் ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பவன், மண்ணைத் தொட்டதில்லை. பிறர் சாயல் விழக்கூடாது என்று யாரையும் வாசிப்பதில்லை. என் விதை எனக்குள்ளிருந்துதானே முளைக்க வேண்டும்? யாப்பு கற்பது அவசியமா? பன்னிரண்டு கவிதைகள் இணைத்துள்ளேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யாப்பு தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் குடி முழுகாது. மண்ணைத் தொடாததும் குற்றமில்லை. ஆனால் ‘என் விதை’ என்றீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

இந்த வாரம் கொடைக்கானல் மலையில், எங்கள் பூம்பாறையில் பூண்டு நடவு. நகக்கண் இன்னும் எரிகிறது. நாங்கள் பூண்டுக்கு விதை போடுவதில்லை, தெரியுமா? போன வெள்ளாமைப் பூண்டை உடைத்து, பல்லைத்தான் ஊன்றுகிறோம். அந்தப் பூண்டும் அதற்கு முந்தைய வருடத்துப் பல்தான். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் எங்கள் மண்ணும் குளிரும் கொடுத்தது என்று பெருமையடித்துக்கொள்ளலாம். ஆனால் பல், எங்களுக்கு முன்னால் நட்டவர்கள் கொடுத்தது. அதையும் தோல் உரிக்காமல், கூர் மேலே இருக்க வைக்க வேண்டும். உரித்த பல் அழுகிவிடும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைப்பூண்டில் ஒரு கத்தையை அவிழ்த்துக் கடையில் போட்டுவிட்டு பரோட்டா தின்றேன். அப்பத்தா அடிக்கவில்லை. நடவன்று இரண்டு பாத்தியைக் காலியாக விட்டு, “இது ஒம் பங்கு, நட்டுக்க” என்றாள். எனக்கு வீம்பு. தினமும் கொத்தினேன், எருவும் போட்டேன். மண் பொலபொலவென்று அவ்வளவு அழகாக இருந்தது. களைதான் வந்தது. பக்கத்துப் பாத்தியைவிடச் செழிப்பாக வந்தது.

யாரையும் வாசிக்காதவர் தனித்து எழுதிவிடுவார் என்பது வெறும் கதை ஐயா. காற்றில் வந்து விழுவதெல்லாம் அவர் பாத்தியில் முளைக்கும். உங்கள் பன்னிரண்டில் ஏழில் ‘மௌனம்’ இருக்கிறது, நான்கில் ‘சிறகு’. யாருடைய சாயல் அது? போய்ப் படியுங்கள். சங்கப்பாட்டிலிருந்து தொடங்குங்கள், புரியாவிட்டால் உரையோடு படியுங்கள், சலித்தாலும் படியுங்கள்.

ஒன்பதாவது கவிதையை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் உங்கள் தோளில் தூங்கிவிடுகிறார். எழுப்ப மனமில்லாமல் உங்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போகிறீர்கள். நேற்று நடவுக்கு வந்தவர்களிடம் வாசித்துக் காட்டினேன். ஓர் அக்கா, “எந்த ஸ்டாப்ல எறங்குனாராம்?” என்று கேட்டாள். அதை எழுதாமல் ‘முடிவிலி’ என்று முடித்திருக்கிறீர்களே. அது எந்த நிறுத்தம்?