வாசகர் கேட்டவை: ஆங்கியாரில செத்தது ஒருத்தரா, தொள்ளாயிரம் பேரா?

கேள்வி: 1440-ல இத்தாலில நடந்த ஆங்கியாரி சண்டைல ஒரே ஒருத்தர்தான் செத்தாருன்னு ஃப்ளாரன்ஸ் நகரத்து எழுத்தாளர் மாக்கியவெல்லி எழுதியிருக்காராம், வேற இடத்துல 900 பேர்னு படிச்சேன். எதை நம்புறது சார்? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: ஒருத்தர்ங்கறதை நம்பாதீங்கம்மா. மிலானுக்கும் ஃப்ளாரன்ஸ், போப் கூட்டணிக்கும் நடந்த சண்டை இது, ரெண்டு பக்கமும் பெரும்பாலும் சம்பளத்துக்குச் சண்டை போடுற கூலிப்படைதான். நாலு மணி நேரம் நடந்த சண்டைல ஒரே ஆள்தான் செத்தான், அதுவும் வெட்டுப்பட்டு இல்ல, குதிரைலேந்து விழுந்து மிதிபட்டுன்னு எழுதுறாரு மாக்கியவெல்லி. ஆனா அவர் பொறந்ததே 1469-ல, சண்டை முடிஞ்சு 29 வருஷம் கழிச்சு. அவருக்குக் கூலிப்படைன்னாலே ஆகாது, ஊர் ஜனங்களே ஆயுதம் எடுக்கணும்னு சொல்லி ஃப்ளாரன்ஸுக்கு ஒரு படையே திரட்டினவரு, அந்தப் படை 1512-ல ஃப்ளாரன்ஸ் பக்கத்து ஊரான பிராத்தோவுல ஸ்பானிஷ்காரங்க முன்னாடி நிக்க முடியாம ஓடிருச்சு, அதுக்கப்புறம் உக்காந்து எழுதின புஸ்தகத்துலதான் கூலிப்படைக்காரன் சாகாம சண்டை போடுற மாதிரி நடிச்சான்னு வருது. சண்டை நடந்த காலத்துலயே போப்போட ஆபீஸ்ல வேலை பார்த்த ஃப்ளாவியோ பியோந்தோ செத்தவங்களைப் பத்துக்கணக்குலயும் காயம்பட்டவங்களை நூத்துக்கணக்குலயும் சொல்றாரு. என் மனசு அவர் பக்கம்தான் சாயுது. 900-ங்கற கணக்கை நான் எடுத்துக்கமாட்டேன்.

யார் யார் சண்டைல இருந்தாங்கன்னு கண்டுபிடிக்கறது இதைவிட சுலபம், ஏன்னா சம்பளம் கொடுத்தவன் கணக்கு வெச்சிருப்பான். தளபதிகிட்ட ஒப்பந்தம் போட்டு இத்தனை ஈட்டி வீரன்னு எழுதுவாங்க, ஒரு ஈட்டின்னா அந்தக் காலத்துல பெரும்பாலும் மூணு ஆள்: கவசம் போட்டவர், அவருக்கு உதவியா ஒருத்தர், ஒரு பையன். குதிரையோட நிறம், அடையாளம் எல்லாம் பதிவாகும், இல்லன்னா நல்ல குதிரையைக் காட்டி காசு வாங்கிட்டு சண்டைக்கு நொண்டிக் குதிரையைக் கொண்டு வந்துருவாங்க. அதனால ஈட்டியை மட்டும் எண்ணினா ஆள் கணக்கு மூணுல ஒண்ணா சுருங்கிடும்.

ஆங்கியாரில இன்னொரு சிக்கல் இருக்கு. மிலான் பக்கத்து தளபதி பிச்சினினோ சான்செபோல்க்ரோ ஊர் வழியா வரும்போது கொள்ளையடிக்கலாம்னு அந்த ஊர்க்காரங்க சுமார் 2000 பேர் கூடவே கிளம்பிட்டாங்க. இவங்க யாருக்கும் சம்பளம் கிடையாது, அதனால எந்த சம்பளப் பட்டியல்லயும் பேர் இருக்காது, செத்திருந்தாலும் கணக்குல வரமாட்டாங்க. காயம்பட்டு பத்து நாள் கழிச்சு வீட்ல செத்தவங்களும் அப்படித்தான். எனக்கு இந்த இடம்தான் ரொம்ப வலிக்குது, கவசம் போட்ட ஆளைக் கொல்றது கஷ்டம், பிடிச்சா பணம் வாங்கிட்டு விட்ருவாங்க, ஆனா கவசம் இல்லாத அந்தப் பையனுக்கும் ஊர்க்காரனுக்கும் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்ல. யார் எழுதினாங்க, யாருக்காக எழுதினாங்க, யாரை எண்ணவே இல்லன்னு மூணையும் பார்த்துட்டு அப்புறமா நம்பரைத் தொடுங்க.

கேள்வி: அப்ப லியனார்டோ டாவின்சி அந்த சண்டையை அவ்வளவு மூர்க்கமா வரைஞ்சது கற்பனையா? (வாசகர், மதுரை)

பதில்: கற்பனை நிறைய இருக்கு, ஆனா முழுசா இல்ல. 1503-ல ஃப்ளாரன்ஸ் அரண்மனைச் சுவர்ல வரையச் சொன்னப்ப அவருக்கு சண்டை விவரம் எழுதி ஒரு குறிப்பு கொடுத்தாங்க, அது அவரோட தாள்கள்ல இப்பவும் இருக்கு. எதிரி வர்ற புழுதியைத் தூரத்துலேந்தே பார்த்தது, பாலத்துக்காக மாத்தி மாத்தி மோதினது, முடிஞ்சப்புறம் செத்தவங்களைப் புதைச்சது எல்லாம் அதுல வருது. அதை எழுதினவர் அகோஸ்தினோ வெஸ்புச்சி, மாக்கியவெல்லிக்குக் கீழ வேலை பார்த்தவரு! தன் ஆபீஸ்லேந்தே போன குறிப்புல அவ்வளவு சாவு இருக்க, இருபது வருஷம் கழிச்சு அவர் ஒருத்தர்னு எழுதினாரு பாருங்க.