ஐந்து மணிக்கு மேல் ஒரு வகுப்பு

வணக்கம் சார்,

நான் நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஜீப் ஓட்டுகிறேன். காலையில் காட்டோரக் காலனிகளில் இருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போவது, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது, இதுதான் வேலை. என் மகள் இந்த வருடம் பத்தாவது. ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கிறது. பள்ளி விட்டதும் ஐந்தே முக்கால் வரை ஸ்பெஷல் கிளாஸ். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு வரும் ரோட்டில் ஆறு மணிக்கு மேல் யானை நிற்கும். போன வாரம்கூட ஒரு வளைவில் முக்கால் மணி நேரம் லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஆனால் மகள் போக மாட்டேன் என்பது யானைக்குப் பயந்து இல்லை. அந்த லிஸ்டைப் பிரேயரில் வாசித்துவிட்டார்களாம்.

ஆறாவதில் இல்லம் தேடிக் கல்வி என்றார்கள், அதற்கப்புறம் என்னென்னவோ பெயர். எல்லாம் சர்க்கார் பணம். இவ்வளவு இருந்தும் தமிழ்ப் புத்தகத்தையே திக்கித் திக்கித்தான் படிக்கிறாள். எல்லாம் கண்துடைப்புதானே சார்? அனுப்பட்டுமா, நிறுத்திவிடட்டுமா? என் பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், பந்தலூர்

அன்புள்ள நண்பருக்கு,

அனுப்புங்கள். ஆனால் நேரத்தை மாற்றச் சொல்லிவிட்டு அனுப்புங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வருடம், 2025-26இல், பத்தாவது என்றால், 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவள் நாலாவது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அப்போது அவள் ஆறாவது. ஐந்தாம் வகுப்பு என்று ஒன்று அவளுக்கு நடக்கவே இல்லை. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது, ஒன்று முதல் மூன்று வரை. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த வருடம் அதை நாலு, ஐந்துக்கும் நீட்டியபோது அவள் எட்டாவது. 2025இல் ‘திறன்’ வந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படை தெரியாத பிள்ளைகளுக்காக, ஆறு முதல் ஒன்பது வரை. அவள் பத்தாவதுக்குப் போய்விட்டாள். முதல் திட்டம் வந்தபோது அவள் அந்த வயதைத் தாண்டியிருந்தாள், கடைசித் திட்டத்தை ஒரே ஒரு வகுப்பில் தவறவிட்டாள். அவளை ‘மெல்லக் கற்போர்’ என்று பிரேயரில் வாசித்தவர்கள் இந்தக் கணக்கை ஒரு நிமிடம் போட்டுப் பார்த்திருக்கலாம்.

அவள் வயதுக்குச் சரியாக வந்தது இல்லம் தேடிக் கல்வி ஒன்றுதான். 2021 அக்டோபரில் தொடங்கியது. ஒன்று முதல் எட்டு வரை, ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, சாயங்காலம் ஐந்தில் இருந்து ஏழுக்குள் வகுப்பு. விழுப்புரம் மாதிரி சமவெளி ஊரில் அது தெருவிளக்கு எரியும் நேரம். உங்கள் ஊரில் அந்த நேரத்தில் என்ன வரும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

கண்துடைப்பா என்றால், இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு முன்வராந்தாவில் 2022இல் ஒரு மையம் நடந்தது. நான் கோத்தகிரிக்காரன், மழை பிடித்துக்கொண்டால் வீட்டைவிட்டு நகர முடியாது. அதனால் பல நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஐந்தாவது படிக்கும் ஒரு பையன். நோட்டைத் திறந்தால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் ஒரு வரி படிக்கத் தெரியாது. பலகையில் இருப்பதைப் படம் போல வரைந்து பழகியவன். ‘கொழுந்து’ என்று எழுதிக் காட்டினால், ‘கெ’ என்று ஆரம்பித்து, பக்கத்தில் நிற்கும் காலைப் பார்த்து அப்படியே நின்றுவிடுவான். அவன் அம்மா தினமும் பறிப்பது கொழுந்து, அவன் வாயில் நாளெல்லாம் புரளும் சொல் அது. தாளில் அது அவனுக்கு யாரோ.

சொல்லிக்கொடுத்த பெண் பி.காம். படித்தவள், பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்: “முன்னாடி கொம்பு வந்தா அவசரப்பட்டு வாயைத் திறக்காதே. பின்னாடி கால் வருதான்னு எட்டிப் பாரு.” அதை ஒன்பது நாள் சொன்னாள். நடுவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சொன்னாள். பத்தாவது நாள் அவன் ‘கொக்கு’, ‘கொடி’, ‘கொசு’ எல்லாவற்றையும் விடாமல் படித்துவிட்டு, வராந்தாவில் கிடந்த பழைய காலண்டரில் ‘கொ’ தேட ஆரம்பித்தான். பள்ளியில் நாற்பது பேருக்கு நடுவே இந்த ஒன்பது நாளை யாராலும் அவனுக்குக் கொடுத்திருக்க முடியாது.

இது ஒரு வராந்தாக் கதை என்று நீங்கள் தள்ளிவிடக்கூடும். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பள்ளி மூடியதில் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்திலேயே திரும்பிவிட்டது. அப்படித் திரும்பியதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு இது பெரிய விஷயம். மீதிப் பங்கைக் கவனித்தீர்களா? அதில் பெரும்பகுதி பள்ளிக்கூடம் மறுபடி திறந்து நடந்ததால் வந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்த வகுப்புகள் பள்ளி நேரத்துக்குள் வர வேண்டும் என்கிறேன். மும்பையிலும் வடோதராவிலும் ‘பால்சகி’ என்று ஒன்று நடந்தது. பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே இரண்டு மணி நேரம் தனியே கூட்டிப்போய், அந்த ஊர்ப் பெண்கள் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தார்கள். அதை ஆராய்ந்தவர்களில் இருவர் 2019இல் நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும். பிள்ளைகள் தேறினார்கள். இருட்டில் வீடு திரும்பும் வேலை அவர்களுக்கு இல்லை.

சர்க்கார் பணம் என்றீர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்விக்கு 2024-25இல் மத்திய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய், மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று நின்றுபோனது. காட்டோரப் பிள்ளைகளின் ஜீப் வாடகையும் அநேகமாக அந்தத் தலைப்பில்தான் வருகிறது. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, உங்கள் வண்டியில் வரும் பிள்ளைகளைப் பற்றி. பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது அவர்கள் மொழி, கடைவீதியில் பாதி மலையாளம். பள்ளிக்கு வந்துதான் தமிழே ஆரம்பிக்கிறது. அந்தப் பிள்ளையை முதல் வருடமே மெல்லக் கற்பவன் என்று எழுதுவது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். இதைத் தனியாக எழுத வேண்டும்.

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன். ஸ்பெஷல் கிளாஸில் அவளுக்குக் கிடைக்கப்போவது ‘மினிமம் மெட்டீரியல்’, அதாவது பாஸ் மார்க்குக்கு வேண்டியதை மட்டும் தொகுத்த பாடம். கணக்கில் கிராஃப் எட்டு, ஜியோமெட்ரி எட்டு, ஒரு மார்க் கேள்வி பதினாலு. இதை நன்றாகப் பிடித்துக்கொண்டு இரண்டு மார்க்கில் மூன்று போட்டால் 36, பாஸ். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை. எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் இல்லாத பெண்ணுக்கு நம் மலையில் கொழுந்துக் கூடைதான் மிச்சம் என்பது உங்களுக்கே தெரியும். அதை வாங்கட்டும். ஆனால் 36 வாங்குவதும் படிக்கத் தெரிவதும் வேறு வேறு. இரண்டாவதை அந்த வகுப்பு தொடவே தொடாது.

அதனால் பள்ளிக்குப் போய் இரண்டு விஷயம் கேளுங்கள். சண்டை வேண்டாம், பத்தாவது ஆசிரியர்கள் ரிசல்ட் பயத்தில் இருப்பவர்கள். ஒன்று, வகுப்பைக் காலையில் உங்கள் ஜீப் வந்து சேர்ந்ததும், அல்லது கடைசிப் பீரியடில் வைக்க முடியுமா என்று. இப்படித் தவிப்பது உங்கள் மகள் மட்டும் இல்லை, வண்டியில் வரும் மற்றப் பெற்றோரையும் கூட்டிப் போங்கள். இரண்டு, பெயர்ப் பட்டியலைப் பிரேயரில் வாசிக்க வேண்டாம் என்று. இதற்குச் செலவும் இல்லை, ஆணையும் தேவையில்லை.

வீட்டில் நாலாவது தமிழ்ப் புத்தகம் ஒன்று தேடி வாங்கி வையுங்கள். அவள் தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அவளுக்கு என்று கொடுத்தால் தொட மாட்டாள்.

நேரத்தை மாற்றினார்களா என்று எழுதுங்கள். மாற்றவில்லை என்றாலும் எழுதுங்கள்.

அன்புடன்.