மிஞ்சிய துணியும் நூலும்: குழந்தைகளுக்கான பரிசுகள் பற்றிய கேள்வி பதில்

தைத்து மிஞ்சிய துணியையும் பின்னி மிஞ்சிய நூலையும் கொண்டு குழந்தைகளுக்கு என்ன செய்யலாம் என்று என் தையல் வகுப்புக்கு வருவோர் கேட்டவற்றுள், பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, என் தையற்கடையில் ரவிக்கை தைத்து மிஞ்சிய துண்டுகள் இரண்டு மூட்டை சேர்ந்துவிட்டன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள். எந்த இழையால் ஆனது என்று பார்த்துப் பிரியுங்கள். பொம்மையான பிறகு துவைப்பையும் இஸ்திரியையும் குழந்தையின் எச்சிலையும் தாங்க வேண்டியது இழைதான். ஐயமுள்ள துண்டிலிருந்து ஒரு நூலை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டரோ அக்ரிலிக்கோ. கலப்புத் துணி இரண்டு குணங்களையும் காட்டும்.

அடுத்தது சாயம். நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, கறை ஒட்டினால் அந்தத் துண்டை விலக்கிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். அதை நம்பித்தான் என் தங்கை மகளுக்குச் சிவப்புச் சுங்குடியில் ஒரு யானை தைத்துக் கொடுத்தேன். முதல் துவைப்பிலேயே அந்த யானை அவளுடைய வெள்ளைச் சட்டைகள் அத்தனையையும் இளஞ்சிவப்பாக்கிவிட்டது. இரண்டு விரல் அகலம்கூட இல்லாத துண்டுகளை, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, இன்றே ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். பனியன் கட்டிங் வேஸ்ட் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் தைத்தால் தையல் விட்டு விட்டு விழுகிறது, பொம்மையும் கோணிக்கொள்கிறது.

பதில்: கைக்குழந்தைக்குப் பனியன் துணியைவிட இதமானது வேறில்லை என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பனியன் துணி போன்ற பின்னல் துணி, கண்ணிகளால், அதாவது ஒன்றோடொன்று கோத்த நூல் வளையங்களால் ஆனது. கூர்முனை ஊசி அந்தக் கண்ணிகளைக் குத்திக் கிழிப்பதோடு தையலையும் தவறவிடும். ஆகவே முனை மழுங்கிய பால் பாயின்ட் ஊசியைப் பொருத்தி, குறுகிய ஜிக்ஜாக் தையல் போடுங்கள். நேர்த்தையல் மட்டுமே வரும் பழைய மிதி இயந்திரமானால், துணியை முன்னும் பின்னுமாக மெல்ல இழுத்துப் பிடித்தபடி தைத்தால் பிறகு இழுபடும்போது நூல் அறாது.

கோணுவதற்குக் காரணம் வெட்டிய திசை. அதிகம் இழுபடும் பக்கம் பொம்மையின் குறுக்காக வந்தால் வயிறு உப்பிக் கொழுகொழுவென்றிருக்கும்; நெடுக்காக வந்தால் கைகால் நீண்டு ஒல்லியாகும். இரண்டுமே அழகுதான், ஆனால் முன்பக்கம் ஒரு திசையிலும் பின்பக்கம் வேறு திசையிலும் வெட்டினால்தான் உருவம் திருகிக்கொள்ளும். சாதாரண பனியனின் மெல்லிய துணியான சிங்கிள் ஜெர்சியின் விளிம்பு சுருண்டு தொல்லை தரும். இரண்டு பக்கமும் ஒரேபோல் இருக்கும் இன்டர்லாக் துணி சுருளாமல் படிந்திருப்பதால் முதல் முயற்சிக்கு அதையே எடுங்கள். வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும் ரிப் துணியைத் தொப்பிக்கும் காலுறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நீளமாகக் கிடைக்கும் ஜெர்சித் துண்டுகளை இரண்டு செ.மீ. அகல நாடாக்களாக வெட்டி இழுத்தால், விளிம்பு உள்ளே சுருண்டு தடித்த நூலாகிவிடும். கொக்கி முனையுள்ள தடிமனான குரோஷா ஊசியால் அதைக் கூடையாகப் பின்னி விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கக் கொடுக்கலாம்.

கேள்வி: உள்ளே இலவம்பஞ்சு அடைக்கலாமா அம்மா? ஊரில் மரம் இருக்கிறது.

பதில்: தலையணைக்குச் சரி, பொம்மைக்கு வேண்டாம். துவைத்தால் கட்டிதட்டும், நுண்ணிய இழைகள் தையல் வழியே பறந்து குழந்தையின் மூக்கில் ஏறும். துவைக்க முடியாத பொம்மை ஆறு மாதத்தில் அழுக்கு மூட்டையாகிவிடும். பழைய தலையணையிலுள்ள ஃபைபர் பஞ்சைத் துவைத்து வெயிலில் காயவைத்து, கையால் பிய்த்து உதிர்த்தால் புதிதுபோல் எழும்பிவிடும். துணித் துணுக்குகளை அடைத்தால் பொம்மை கனத்து முண்டும் முடிச்சுமாகும். உட்கார வேண்டிய பொம்மையின் அடிப்பகுதியில் மட்டும் ஒரு பிடி போடலாம்.

கேள்வி: ஒரு வயதுப் பேரனுக்கு முயல் பின்னுகிறேன். கண்ணுக்குப் பொத்தான் வைத்து இறுக்கமாகத் தைத்தால் போதாதா?

பதில்: போதாது. பொம்மைகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் உருளையின் உள்விட்டம் 31.7 மி.மீ.; அழுத்தாமலேயே அதற்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். சட்டைப் பொத்தான் அதில் தாராளமாக விழும். கண்ணையும் மூக்கையும் கறுப்பு நூலால் எம்பிராய்டரி செய்துவிடுங்கள். மணி, கிலுகிலுப்பை, நீண்ட நாடா ஆகியவையும் வேண்டாம். ஒரு வயது நிறையும் வரை துணிப் பொம்மையைத் தூளியிலோ படுக்கையிலோ குழந்தையோடு விட்டுவைக்கக் கூடாது.

கேள்வி: எலுமிச்சம்பழ அளவில் பல நிற நூலுருண்டைகள் மிஞ்சியுள்ளன. ஒன்று தடிமன், ஒன்று மெல்லிது. சேர்த்துப் பின்னலாமா?

பதில்: மெல்லிய நூல் இரண்டை ஒன்றாகப் பிடித்துப் பின்னினால் தடித்த நூலுக்கு ஏறக்குறைய ஈடாகும். ஆனால் அக்ரிலிக்கையும் அசல் கம்பளியையும் ஒரே பொருளில் சேர்க்காதீர்கள். வெந்நீர் பட்டால் கம்பளி மட்டும் சுருங்கி, முயலின் ஒரு காது மற்றதைவிடக் குட்டையாகிவிடும். அக்ரிலிக் பின்னல்மீது இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. ஒருமுறை சூடுபட்டுத் துவண்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. பஞ்சடைக்கும் பொம்மைக்கு, நூலுறையில் குறித்திருப்பதைவிட ஓர் அளவு சிறிய குரோஷா ஊசியை எடுத்தால், கண்ணிகள் நெருங்கிப் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது. எலுமிச்சம்பழ அளவு உருண்டையில் விரல் பொம்மை ஒன்று வரும்; ஐந்து நிறம் இருந்தால் காக்கை, நரி, பாட்டி என்று ஒரு கதையையே விரல்களில் மாட்டிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: சரிகை போட்ட பட்டுத் துண்டுகள்?

பதில்: குழந்தைகளின் தோலைச் சரிகை கீறும். நவராத்திரிக் கொலுவுக்கு வரும் பெண் பிள்ளைகளுக்குச் சுருக்குப்பை தைத்துக் கொடுங்கள்; உள்ளே பருத்தி லைனிங் அவசியம்.

கேள்வி: செய்தவற்றை விற்க நினைக்கிறேன். அனுமதி ஏதும் வேண்டுமா?

பதில்: 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவுபெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. எனவே முதலில் அந்தப் பதிவைப் பெறுங்கள். உறவினர் வீட்டுக் குழந்தைக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு இது பொருந்தாது.

கேள்வி: மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு இருபது குழந்தைகள் வருகிறார்கள். ஒரு வாரந்தான் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரேபோல் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: அஞ்சாங்கல் செய்யுங்கள். கல்லுக்குப் பதில் துணிப்பை. தரையில் சத்தம் வராது, விரலிலும் அடிபடாது. 6 செ.மீ. அகலமும் 12 செ.மீ. நீளமுமான துண்டை நல்ல பக்கம் உள்ளே வருமாறு பாதியாக மடித்து, இரண்டு பக்கங்களைத் தைத்துத் திருப்புங்கள். முக்கால் பங்கு புளியங்கொட்டையை நிரப்பி, திறந்த வாயை எதிர்த்திசையில் அமுக்கி மூடினால் சமோசா வடிவம் வரும். அந்த வாயை மட்டும் இரட்டைத் தையலாகப் போடுங்கள். புளியங்கொட்டையை வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்துக்கொண்டால் வண்டு வராது. இருபது குழந்தைகளுக்கு நூறு பைகள் வேண்டும் என்று மலைக்க வேண்டாம்: 80 செ.மீ. அகலமுள்ள ஒரு மீட்டர் ரவிக்கைத் துணியிலேயே 104 துண்டுகள் வெட்டலாம் என்னும்போது, உங்கள் பெட்டியில் இருப்பதே மிகுதி. விருந்தினரில் மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை யாரேனும் இருந்தால் அவர்களுக்கு இதைத் தராமல், பஞ்சடைத்த துணிப் பந்து ஒன்றைத் தனியாகத் தைத்து வையுங்கள்.