உடைந்த வாக்கரும் ‘எஸ்டிமேட்’ சீட்டும்

கேள்வி: எங்கள் மகனுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. பொங்கலுக்குத் துணி எடுக்கப் புதுச்சேரிக்குச் சென்றபோது, நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் 2,350 ரூபாய்க்கு வாக்கர் வாங்கினோம். ஆறாம் நாளே பின்சக்கரம் அச்சோடு முறிந்து வண்டி சாய்ந்தது. மாமியார் அருகில் இருந்ததால் குழந்தையைப் பிடித்துவிட்டார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார். 400 ரூபாய் கூடக் கொடுத்தால் வேறு மாடல் தருவதாகவும் சொல்கிறார். அந்தச் சீட்டின் தலைப்பும் ‘எஸ்டிமேட்’ என்றுதான் இருக்கிறது. வழக்கு என்றால் புதுச்சேரிக்கு அலைய வேண்டுமா? (வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: அலைய வேண்டியதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆகவே கடலூர் ஆணையமே போதும். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

சீட்டில் அச்சிட்ட அந்த வாசகத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் சொல்கிறது. முறையான ரசீது கொடுக்காததும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதால், ‘எஸ்டிமேட்’ சீட்டு உங்களைவிடக் கடைக்காரரைத்தான் சங்கடத்தில் மாட்டும். கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவையும் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: முறிந்த சக்கரத்தைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். குழந்தையை முரட்டுத்தனமாக ஆட்டினீர்கள், இரண்டு பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தீர்கள் என்றெல்லாம் கடைக்காரர் சொல்லக்கூடும். அச்சு முறிந்த இடம் கைபடாமல் அப்படியே இருந்தால்தான் ஆணையம் தேவைப்படும்போது பரிசோதனைக்கு அனுப்ப முடியும். முறிவை நான்கு பக்கமும் படமெடுத்து, உடைந்த துண்டுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, கடைக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் ஒரு கடிதம் அனுப்புங்கள். இவ்வளவு சிறிய தொகைக்குப் பெரும்பாலான கடைக்காரர்கள் கடிதத்தோடு இறங்கி வந்துவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் பணத்தையே கேளுங்கள். 400 ரூபாய் கூடக் கொடுத்து இன்னொரு வாக்கரை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கனடா 2004-இல் வாக்கர் விற்பனையையே தடை செய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் நெடுங்காலமாகத் தடை கோரி வருகிறது. வாக்கரில் உட்கார்ந்த குழந்தை ஒரு நொடியில் மூன்றடிக்கு மேல் நகர்ந்துவிடும் என்பதால், கஞ்சி வடித்த பாத்திரத்தையோ வாசற்படியையோ அது எட்டும் முன் பக்கத்தில் இருப்பவரால்கூடத் தடுக்க முடிவதில்லை. சீக்கிரம் நடை பழகும் என்பதும் சரியல்ல. தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்தும் குழந்தைக்குத் தன் எடையைத் தாங்கி நிற்கும் பழக்கம் கிடைப்பதில்லை.

நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்கும் மர நடைவண்டி வேறு வகை. அதில் குழந்தை தன் காலில் நின்றுதான் தள்ள வேண்டும். பிடித்துக்கொண்டு நன்றாக நிற்கத் தொடங்கிய பிறகு, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுக்கலாம். வாங்கும்போது கைப்பிடியை உள்ளங்கையால் தடவிச் சிராய் இருக்கிறதா என்று பாருங்கள். ஆணித் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: ஒன்பது மாதப் பெண் குழந்தைக்குத் தானிய மாவு டப்பா இரண்டு வாங்கினால் பால் புட்டி இலவசம் என்கிறார் மருந்துக் கடைக்காரர். வாங்கலாமா? (வாசகர், வில்லியனூர், புதுச்சேரி)

பதில்: அந்த இலவசமே சட்டப்படி கூடாது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால்பொருட்கள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் குறித்த 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான இவ்வகைப் பொருட்களுக்கு விளம்பரம் செய்வதையும், விற்பனையைப் பெருக்க இலவசப் பொருள் கொடுப்பதையும் தடுக்கின்றன. டப்பாவில் குழந்தைப் படம் போடுவதற்குக்கூட அனுமதி இல்லை. மாவு தேவையென்றால் ஒரு டப்பா மட்டும், காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். புட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒன்பது மாதக் குழந்தைக்குக் கிண்ணமும் சிறு கரண்டியும் போதும், கழுவுவதும் எளிது.