காமெடி ஆசைக்கு இன்ஜினியரிங் காப்பீடா?

ப்ளஸ் டூ முடித்த மகன் டிவி காமெடி நடிகனாக வேண்டும் என்கிறான். சித்தப்பாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினியரிங் சீட் பேசி வைத்திருக்கிறார். கடன் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் கடன் வேண்டாம்.

"சிவகார்த்திகேயனே இன்ஜினியரிங் முடிச்சவர்தானே" என்பார்கள். உண்மைதான். அவரைத் தூக்கிவிட்டது பட்டம் அல்ல. கல்லூரி நாட்களில் செய்த மிமிக்ரியும் 'கலக்கப் போவது யாரு' மேடையும். மேடை ஏறுவதற்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டியதில்லை. கல்விக் கடன் தவணை பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தொடங்கிவிடும். ஆடிஷன் ஆடிஷனாக அலைய வேண்டிய வயதில் மாதத் தவணை கழுத்தை நெரித்தால், கிடைத்த வேலையில் உட்கார்ந்துவிடுவான். நடிப்பும் போகும், கடனும் நிற்கும்.

விஸ்காம் (காட்சி ஊடகப் படிப்பு) பற்றி ஊரே சொல்லும், விடுங்கள். நடிப்புப் பயிற்சி மையம் எதுவாவது "சேனலில் சான்ஸ் உறுதி" என்று பணம் கேட்டால் அந்த நிமிடமே எழுந்து வாருங்கள். உண்மையான ஆடிஷனுக்குக் கட்டணம் கிடையாது.

யாரும் திரும்பிப் பார்க்காத வழி, எழுத்து. காமெடி ஷோவுக்கு வரும் பையன்களில் பலர் தடுக்கி விழுவது மூன்றாவது நான்காவது ரவுண்டில்தான். கைவசம் இருந்த ஐட்டம் தீர்ந்துவிடும். எழுதத் தெரிந்தவன் அங்கே நிற்பான். மேடை கிடைக்காத மாதத்திலும் இன்னொருவருக்கு ஸ்கிரிப்ட் எழுதிச் சம்பாதிப்பான்.

இதற்குப் படிப்பும் இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கமும் திரைக்கதை எழுத்தும் நான்காண்டு பட்டப் படிப்பு. அரசு நிறுவனம் என்பதால் செலவு தனியாரைவிட வெகு குறைவு. இடங்களும் குறைவு, அதனால் இதை மட்டும் நம்பி இருக்காமல் பக்கத்துக் கலைக் கல்லூரி ஒன்றுக்கும் விண்ணப்பியுங்கள்.

எழுத்துப் பயிற்சியை இன்றே தொடங்கலாம். எழுதிய ஒரு பக்கம், மேடையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஐந்து நிமிட ஸ்கிட்டுக்கு (குட்டி நகைச்சுவை நாடகம்) நாலு பக்கம் போதும்; மிச்சம் சிரிப்புக்கு. இருபது நொடிக்குள் ஒரு சிரிப்பு வராவிட்டால் கூட்டம் செல்போனை எடுத்துவிடும். புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, சிரிக்க வைக்கும் பஞ்ச் வார்த்தையை நடுவில் புதைப்பது. தமிழ் வாக்கியம் வினையில் முடிவதால் இது தானாகவே நடக்கும். "மொட்டை மாமா நேத்து சீப்பு வாங்கிட்டு வந்தார்" என்றால் சிரிப்பு எழும்போதே "வந்தார்" வந்து அமுக்கிவிடும். "மாமா ரெண்டு மணி நேரம் பார்த்துப் பார்த்து வாங்கிட்டு வந்தது சீப்பு. தலை மொட்டை." இப்போது கடைசி வார்த்தையில் வெடிக்கும்.

பணத்தில் கறாராக இருங்கள். டிவியில் சம்பளம் ஒளிபரப்புக்குப் பிறகும் இழுக்கும். எபிசோடுக்கா, நாளுக்கா, எப்போது வரும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். டிடிஎஸ் (சம்பளம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்து, கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவாக இருந்தால், ரிட்டர்ன் போட்டு மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

அவனுக்கு ஒரு மாதம் கொடுங்கள். வாரம் ஒரு ஸ்கிட் எழுதி, சொந்தக்காரர்கள் அல்லாத பத்துப் பேர் முன்னால் நடித்துக் காட்டட்டும். நான்கும் வந்தால் தரமணிக்கு விண்ணப்பம் போடுங்கள். ஒன்றுகூட வராவிட்டால் அவனுக்குப் பிடித்தது கைத்தட்டல், தொழில் அல்ல. அப்போதும் அந்த இன்ஜினியரிங் சீட் வேண்டாம். வேறு எதில் மனம் போகிறது என்று அவனிடமே கேளுங்கள், சித்தப்பாவிடம் அல்ல.