சூடானதும் விட்டுப்போகும் ஏசி கிளட்ச்: கம்ப்ரசரை மாற்றும் முன்

கேள்வி: என்னிடம் பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. டர்போ போட்டு, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை முன்னால் வைத்து, தனி இசியு (எஞ்சினை இயக்கும் கணினி) மாட்டியிருக்கிறேன். காலையில் ஏசி அருமையாகக் குளிர்கிறது. டிராஃபிக்கில் கொஞ்ச நேரம் ஊர்ந்தால் வெறும் காற்றுதான் வருகிறது. பானெட்டைத் திறந்து பார்த்தால் கம்ப்ரசர் புல்லி சுற்றுகிறது, முன்தட்டு சுற்றவில்லை. இரண்டு தடவை கேஸ் ஏற்றியாகிவிட்டது. இப்போது கம்ப்ரசரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காலையில் முழுக் குளிர்ச்சி கிடைக்கிறது என்றால் கேஸும் கம்ப்ரசரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. சூட்டில் விட்டுப்போய், ஆறியதும் தானாகச் சரியாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்ச் காயிலையும், தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளியையும்தான்.

புல்லி பெல்ட்டால் எப்போதும் சுற்றும்; முன்தட்டு அதோடு ஒட்டினால்தான் கம்ப்ரசர் சுற்றும். ஒட்ட வைப்பது காயில்: மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் செம்புக் கம்பிச் சுருள். சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறும். 20 டிகிரியில் 3.6 ஓம் காட்டும் காயில் 120 டிகிரியில் 5 ஓம் தொடும். 12.5 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் ஓடிய இடத்தில் 2.5தான் ஓடும். காந்த இழுப்பு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் ஏறத்தாழ பாதியாகிவிடும். இடைவெளி சரியாக இருந்தால் அந்தப் பாதி இழுப்பே போதும். வருடக்கணக்கில் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் போதாது. உங்கள் காரில் சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஹோண்டாவின் டி வகை எஞ்சினில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கும். கம்ப்ரசரும் அதே பக்கம்தான். அங்கே டர்போவையும் வைத்துவிட்டால் கிளட்ச் வெந்துகொண்டே இருக்கும்.

சோதனையைப் பிரச்சினை வந்த நிமிடத்திலேயே செய்ய வேண்டும். ஆறிய காரில் அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். ஏசி ஆனில் இருக்கும்போது, கிளட்ச் கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக மல்டிமீட்டர் முனையை விட்டு வோல்ட் பாருங்கள். பெல்ட்டும் ஃபேனும் ஓடுகின்றன, கையும் வயரும் தள்ளியே இருக்கட்டும். வோல்ட் இல்லை என்றால் கிளட்ச்மீது பழி இல்லை. ரிலே (கிளட்சுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), கேஸ் அழுத்தம் எல்லை மீறினால் ஏசியை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச், இசியு என்று பின்னோக்கிப் போக வேண்டும். வோல்ட் முழுதாக வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் எஞ்சினை நிறுத்தி, கனெக்டரைக் கழற்றி உடனே ஓம் அளவு பாருங்கள். 5 ஓம் அளவில் இருந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. ஓபன் (மின்பாதை துண்டிப்பு) காட்டினால் காயில் அறுந்திருக்கலாம், அல்லது பல ஹோண்டா கம்ப்ரசர்களில் காயிலோடு தொடராக வரும் தெர்மல் புரொடெக்டர் (சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) சூட்டில் திறந்திருக்கலாம். அதை பைபாஸ் செய்து ஓட்டும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். கம்ப்ரசர் உருகாமல் காப்பதே அதுதான்.

இடைவெளியைப் பிடிக்க எளிய வழி இருக்கிறது. எஞ்சினை ஓட விடாமல், சூட்டோடு சூடாக, ஏசி ரிலேயைக் கழற்றி, அதன் சாக்கெட்டில் 30, 87 முனைகளை ஃபியூஸ் வைத்த வயரால் இணையுங்கள். சாவி ஆன் நிலையில் இருக்கட்டும். 'டக்' என்று தட்டு ஒட்ட வேண்டும். ஒட்டாமல் நின்று, விரலால் லேசாகத் தள்ளியதும் பிடித்துக்கொண்டால் சந்தேகமே வேண்டாம், இடைவெளிதான். ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். இந்த வகைக் கம்ப்ரசர்களில் 0.35 முதல் 0.65 மில்லிமீட்டர் வரை சரி. அதிகமாக இருந்தால் நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுத்து, உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் (இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் வளையம்) ஒன்றை நீக்கினால் போதும். தட்டும் புல்லியும் நீலம் பாய்ந்து வரிவரியாகத் தேய்ந்திருந்தால் மட்டும் கிளட்ச் செட் மாற்றுங்கள். தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கம்ப்ரசர் இறுகியிருந்தால் புதுக் கிளட்சும் எரியும்.

மாடிஃபை செய்த கார்களில் பலர் கவனிக்காத இடம் எர்த். பல காயில்கள் கம்ப்ரசர் உடம்பு வழியாகவே எர்த் எடுக்கின்றன. பிராக்கெட்டுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்து அழகாக மாட்டியிருந்தால் அந்தப் பாதை அடைபடும். கிளட்ச் ஆனில் இருக்கும்போது கம்ப்ரசர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தனி எர்த் வயர் போட்டுவிடுங்கள்.

அப்புறம் இன்டர்கூலர். அது கண்டென்சருக்கு (ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் போன்ற பகுதி) முன்னால் காற்றை மறைக்கிறது. டிராஃபிக்கில் பிரஷர் எகிறி, சுவிட்ச் கட் ஆகும். கட் ஆகாவிட்டாலும் அந்தச் சுமை கிளட்சை வழுக்க வைக்கும். ஏசி போட்டதும் கண்டென்சர் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறதா பாருங்கள். டர்போவுக்கு பிளாங்கெட் (சூட்டை அடக்கும் உறை), கம்ப்ரசருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே காற்று புகும்படி ஒரு தகடு: இந்த இரண்டும் இல்லாமல் ஷிம் வேலை மட்டும் செய்தால் பிரச்சினை திரும்பி வரும்.

இசியு-வில் முழு த்ராட்டிலிலும் உயர் ஆர்பிஎம்மிலும் ஏசி கட் ஆகும்படி செட்டிங் இருக்கட்டும். இசியு ரிலேயை மட்டும் இயக்க வேண்டும், கிளட்சை நேரடியாக அல்ல. காயிலுக்கு இணையாக டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் பாகம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். கிளட்ச் விடும்போது எழும் மின்வீச்சு அது இல்லாமல் ரிலே முனைகளைத் தின்றுவிடும்.

இந்த வேலை எதற்கும் கேஸை இறக்கத் தேவையில்லை. கை நுழைய இடமில்லை என்றால் குழாய்களைக் கழற்றாமல் கம்ப்ரசரை மட்டும் பிராக்கெட்டிலிருந்து இறக்கிச் சாய்த்துக்கொள்ளலாம். மூன்றாவது முறை கேஸுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.