தனிக்கொட்டடியில் உடம்பு படும் பாடு

கேள்வி: அடி உதை இல்லை, மூன்று வேளையும் சாப்பாடு வந்துவிடுகிறது. தனிக்கொட்டடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் கைதிக்கு மனம் கெடலாம். உடம்பு எப்படிக் கெடும்?

பதில்: அந்தச் 'சும்மா'தான் கெடுக்கிறது. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ, மனிதரோடு உருப்படியான தொடர்பின்றி அடைத்து வைப்பதைத்தான் ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் (2015) தனிமைச் சிறை என்கின்றன. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் போகவே கூடாது என்பதும் அவற்றில் உண்டு.

எட்டடிக்குப் பத்தடி அறையில் நாலு எட்டு வைத்தால் சுவர். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் காலில் தேங்கும் ரத்தம் மேலேறும். நடை நின்றால் கால் வீங்கும், ரத்தம் உறையவும் கூடும். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு இருந்தால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். தேய்த்துவிடக் கூடாது, உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம்.

அடுத்தது வெயில். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தில் வைட்டமின் டி உண்டாகாது; அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மாதக்கணக்கில் இப்படியே போனால் எலும்பு வலிக்கும், குந்தி உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது.

இரவெல்லாம் விளக்கு எரிந்தால் தூக்கம் துண்டு துண்டாகும். தூக்கத்தில் இறங்க வேண்டிய ரத்த அழுத்தம் இறங்காது. மலச்சிக்கல், தலைவலி, படபடப்பு எல்லாம் கூடவே வரும்.

கேள்வி: உள்ளேயே தண்டால், பஸ்கி எடுத்தால் போதாதா?

பதில்: தசைக்கு நல்லது, கட்டாயம் எடுக்கட்டும். ஆனால் பஸ்கி வெயிலைக் கொண்டுவராது, கண்ணுக்குத் தூரத்தையும் காட்டாது. பார்வை பத்தடிக்குள்ளேயே முட்டிக்கொண்டிருந்தவருக்கு, வெளியே வந்ததும் தூரத்தில் இருப்பவை மங்கலாகத் தெரியலாம், வெளிச்சம் கூசலாம். தினம் ஒரு மணி நேரம் வெளியே விடுகிறோம் என்பார்கள். உயர்ந்த சுவர் சூழ்ந்த முற்றத்தில் வெயில் தரைக்கு இறங்காத நேரத்தில் விட்டால் என்ன பயன்?

மருத்துவப் பணியாளர் தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு நுழையும் துவாரம் வழியே "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனால் கால் வீக்கம் கண்ணில் படாது, ரத்த அழுத்தமும் பார்க்க முடியாது. கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.